ஆறு மாதக் கர்ப்பம், வெளிமாநில முகவரி: இங்கே பரிசோதனை கிடைக்குமா?

கேள்வி: எங்கள் லைன் வீட்டில் ஜார்கண்டைச் சேர்ந்த தம்பதியர் குடியிருக்கிறார்கள். கணவர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மனைவிக்கு ஆறு மாதம் ஆகியும் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருப்பதால் இங்கே பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: வெளிமாநில முகவரி இதற்குத் தடையே அல்ல. நாளைக் காலையிலேயே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். 2011 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிக்குப் பரிசோதனை, மருந்து, பிரசவம், தேவைப்பட்டால் சிசேரியன், ரத்தம் ஆகிய எல்லாமே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தரப்படும் எண்) தாய் சேய் நல அட்டையையும் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவைப்படும்.

இவ்வளவு நாள் போகாததை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். கணவர் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். தனியாகப் போனால் பேச மொழி இல்லை. உடன் வரத் தாயோ மாமியாரோ அருகில் இல்லை.

ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர், ஸ்கேன் ஆகியவற்றை அங்கே வழக்கமாகவே பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று பொருள். ஆனால் ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பழங்குடி மக்களிடையே, நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் இருப்பதைப் போலவே, அரிவாள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) பரவலாகக் காணப்படுகிறது. அது இரும்புச்சத்து மாத்திரையால் சரியாகாது. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஆபத்தை உண்டாக்கவும் கூடும். ஆகவே எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லி, அதற்கான ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். காய்ச்சல் இருந்தால் மலேரியாவுக்கும் பார்க்க வேண்டும்.

அவர் மொழி பேசும் பெண் ஒருவர் உடன் வந்தால் மிகவும் நல்லது. முந்தைய கருச்சிதைவையோ வெள்ளைப்படுதலையோ கணவர் முன்னிலையில் பல பெண்கள் சொல்வதில்லை.

பிரசவத்துக்குச் சொந்த ஊர் போவதாக இருந்தால், நெடுந்தூர ரயில் பயணத்தைக் கடைசி மாதம் வரை தள்ளிப்போடாமல், மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். அட்டையும் பரிசோதனை முடிவுகளும் கையில் இருக்க வேண்டும்.

ரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், வலிப்பு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அப்போது 108-ஐ நீங்களே அழையுங்கள். உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல அவர்களுக்குத் தமிழ் போதாமல் போகலாம்.