வேல மரத்து எறும்பு புது இனமா? பணம் கொடுக்கும் முன் இடுப்பைப் பாருங்கள்

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் எங்கள் காட்டில் ஆடு கட்டும் கருவேல மரம் ஒன்று இருக்கிறது. அதில் தலையும் வயிறும் கறுப்பாக, நடு உடம்பு மட்டும் சிவப்பாக, ஒல்லியான எறும்பு ஊர்கிறது. பேத்தியைக் கொட்டியதில் கை இரண்டு நாள் வீங்கியிருந்தது. படத்தை இணையத்தில் போட்டுத் தேடினால் ஆப்பிரிக்க வேல மரத்து எறும்பு என்று வருகிறது. ஒருவர், "இது புது இனம், 15,000 ரூபாய் கொடுத்தால் உங்கள் அப்பா பெயரிலேயே பதிவு செய்து தருகிறேன்" என்கிறார். நம்பலாமா? மரத்தை வெட்டிவிடலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மரத்தையும் வெட்டாதீர்கள். உங்கள் எறும்பு புதிதும் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததும் இல்லை. டெட்ராபோனெரா ரூஃபோநைக்ரா என்பது அதன் பெயர். சிவப்பும் கறுப்புமானது என்று பொருள். 1851இல் தாமஸ் ஜெர்டன் என்ற மருத்துவர் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியல் போட்டுச் சென்னையில் வெளியிட்டபோதே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை இது சாதாரணமாகக் காணப்படுகிறது.

படத்தை மட்டும் பார்த்து எறும்புக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறவன் நான். இந்த எறும்பு அதற்கு விதிவிலக்கு. ஆனால் அந்த விதிவிலக்கை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம். வேலைக்கார எறும்பாக இருக்க வேண்டும். இறக்கை முளைத்த ஆணையோ ராணியையோ படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். தலையும் வயிறும் நல்ல கறுப்பாகவும், நடு உடம்பு முழுக்கச் சிவப்பாகவும் இருக்க வேண்டும். அதே ஒல்லி உடம்போடு முழுக்கக் கறுப்பாக, சிறியதாக ஒன்று தெரிந்தால் அதே பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவினங்கள் சேர்ந்த குழுவின், வேறு சிற்றினமாக இருக்கலாம். அதற்கு நுண்ணோக்கி இல்லாமல் முடியாது. எல்லாம் பொருந்தியும் அது எறும்பே இல்லாமலும் போகலாம்! எறும்பு வேடம் போடும் குதிக்கும் சிலந்திகள் உண்டு. முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னால் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். கிளையிலிருந்து தட்டிவிட்டால் நூலில் தொங்கும். கால்களை எண்ணுங்கள்: எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு.

அப்புறம், சின்னக் கைலென்ஸ் ஒன்று வாங்கி இடுப்பைப் பாருங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு முடிச்சு தெரியும். மாமரத்தில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறுக்கு ஒரே முடிச்சுதான். அதற்குக் கொடுக்கும் கிடையாது, கடித்து அமிலத்தைப் பீச்சும். உங்களுடையதற்குக் கொடுக்கு உண்டு. பெரிய கண்ணும் உண்டு. தண்டில் தனியாகவே விறுவிறுவென்று ஓடும்.

ஆப்பிரிக்கப் படம் ஏன் வந்தது என்று கேட்கலாம். கென்யாவில் ஊதுமுள் வேலம் என்று சொல்லத்தக்க ஒரு மரம் உண்டு. அதன் முள்ளின் அடி குமிழாக உப்பியிருக்கும். எறும்பு அதில் ஓட்டை போட்டுக் குடியிருக்கும். காற்றடித்தால் ஓட்டை சீழ்க்கை அடிக்கும். அங்கே நான்கு சிற்றின எறும்புகள் அந்த மரத்துக்காகப் போட்டி போடுகின்றன. அவற்றில் மூன்று கிரிமடோகாஸ்டர் பேரினம். நான்காவதான டெட்ராபோனெரா பென்சிகி, உங்கள் எறும்பின் பேரினம்தான். அதனால்தான் சாயல். தேடுபொறி சாயலைக் காட்டும், இனத்தைச் சொல்லாது.

உங்கள் மரமும் வேறு. படத்தில் உருண்டையான மஞ்சள் பூவும், மணி கோத்த மாதிரி காயும் தெரிவதால் அது கருவேலம்தான். (பலர் சீமைக்கருவேலத்தைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அது வேலமரக் கூட்டத்திலேயே சேராது.) கருவேல முள் உப்பாது, எறும்புக்கு வீடாகாது. உங்கள் எறும்பு இருப்பது வண்டு துளைத்த காய்ந்த கொம்புக்குள். அதே எறும்பு மாமரத்திலும் வேலிக் கம்பத்திலும் இருக்கும். ஆகவே 'வேல மரத்து எறும்பு' என்பது நாம் பார்த்த இடத்தைச் சொல்கிறது, வகைப்பாட்டைச் சொல்வதில்லை. வகைப்பாடு உடலமைப்பைப் பார்த்துச் செய்வது. ஜெர்டனே அதில் சறுக்கினார்: இதை அமெரிக்கப் படையெறும்புகளின் பேரினமான எசிட்டானில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் இடம் மாற்றினார்கள்.

இப்போது அந்த ஆள். இப்படிப்பட்டவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. புதுச் சிற்றினத்துக்குப் பெயர் வைப்பது பத்திரம் பதிவது போன்ற வேலை இல்லை. உறவினங்களோடு ஒப்பிட்டு விவரணை எழுதி, முறைப்படி வெளியிட வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். விலங்குப் பெயர்களைப் பதியும் சூபேங்க் கட்டணம் வாங்குவதில்லை. நம் பல்லுயிர்ச் சட்டம், 2002 ஒரு படி மேலே போகிறது: புது இனத்தைக் கண்டுபிடித்தவர் அரசு நியமித்த மாதிரிக் காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். "எந்தக் காப்பகத்தில் வைப்பீர்கள்?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள பத்திரிகை என்பார். அந்த எண் பத்திரிகைக்கு அடையாளம் மட்டுமே, தரத்துக்குச் சான்று இல்லை.

இன்னொரு கூட்டம் ராணி எறும்புக்கு விலை பேசிக்கொண்டு வரும். 2025இல் கென்யாவில் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்ட இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. எறும்புதானே என்று யாருக்கும் பிடித்துக் கொடுக்காதீர்கள்.

இவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? ஒரு விவசாயி குப்பியைத் தூக்கிக்கொண்டு போய் "இது என்ன?" என்று கேட்க வட்ட அளவில் ஓர் அலுவலகம் இல்லை. பயிரைத் தின்னாத பூச்சி என்றால் யாருக்கும் அக்கறை இல்லை. நானே ஒரு நிறுவனத்துக்கு 12 குப்பி அனுப்பினேன். பதினாறு மாதம் கழித்து நேரில் போனபோது ஆல்கஹால் வற்றி, எறும்புகள் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. 800க்கும் மேற்பட்ட எறும்பு வகைகள் உள்ள நாட்டில் இந்த நிலைமை. ஆனாலும் சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம் இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் அங்கே எழுதுங்கள்.

எழுதும் முன் நான்கைந்து வேலைக்கார எறும்புகளை 70 சதவீத எத்தனால் குப்பியில் போடுங்கள். ஊர், தேதி, மரம், கொம்பிலா தண்டிலா என்பதைத் துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். சீட்டில்லாத எறும்பால் பயனில்லை.

மரத்தில் காய்ந்த கொம்பு எதில் எறும்பு போய் வருகிறது என்று ஒரு நாள் கவனித்து, முழுக்கை சட்டையோடு அதை மட்டும் அறுத்துத் தள்ளிப் போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். ஆட்டைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் கட்டுங்கள். பேத்தியை மட்டும் கவனமாகப் பாருங்கள். கை வீங்கி வடிந்ததோடு போனது நல்லது. இந்த எறும்பு கொட்டிச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்திருக்கிறது. மறுபடி கொட்டி, உடம்பெல்லாம் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.