விமான இன்ஜினில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) மாற்றிய பிறகு வெப்ப முள் ஆடுகிறது. உள்ளே காற்று நின்றிருக்குமா?

இரண்டு பேர் ஏறும் சிறு விமானம், ரோடாக்ஸ் 912 இன்ஜின் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காற்றுதான். ஆனால் நிரப்பும்போது உள்ளே நின்றுபோன காற்றா, தினமும் புதிதாக நுழைகிற காற்றா என்று முதலில் பிரிக்க வேண்டும்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாளாகும். அதுவரை குறுவை நாற்றங்காலுக்கு பில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) மோட்டார்தான் கதி. சில நாள் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. அப்பா பம்பில் தண்ணீர் ஊற்றி எடுக்கவைப்பார். மறுநாளும் அதே கதை என்றால், உறிஞ்சும் குழாயின் இணைப்புகளில் ஈரக் களிமண்ணை அப்பிப் பார்ப்பார். தண்ணீர் பிடித்துக்கொண்டால் ஓட்டை அங்கேதான். இத்தனைக்கும் அங்கே ஒரு சொட்டு ஒழுகியிருக்காது, காற்றைத்தான் உள்ளே இழுத்திருக்கும்.

பிற்பாடு பறக்கும் கிளப் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தபோது இதே வியாதியைப் பார்த்தேன். 912-ல் சிலிண்டர்களின் தலைப்பகுதியான ஹெட்டுகளுக்கு மட்டும்தான் கூலன்ட். பம்ப் நான்கு ஹெட்டுக்கும் தனித்தனியாகத் தள்ளும். அவற்றின் உச்சியிலிருந்து மேலே உள்ள டேங்குக்குப் போய், ரேடியேட்டர் வழியாகத் திரும்பும். டேங்கை விட உயரமாக ஏதாவது ஹோஸ் வளைந்து போனால் காற்று அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வால் சக்கர விமானமா? தரையில் மூக்கு தூக்கியபடி நிற்கும். வாலை உயர்த்தி முட்டுக் கொடுத்து, பறக்கும் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். ஹோஸ்களைப் பிசைந்துவிடுங்கள். குமிழ் நின்றதும் மூடி, சில நிமிடம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு மறுபடி மட்டம் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

எங்கள் விமானத்தில் இவ்வளவும் செய்து மூன்றாம் நாளே பழையபடி ஆனது. கடைசியில் குற்றவாளி, டேங்க் மூடியிலிருந்து ஓவர்ப்ளோ பாட்டிலுக்குப் போகும் சின்ன ட்யூப். சூட்டில் விரியும் கூலன்ட் அதன் வழியே பாட்டிலுக்குப் போகும், ஆறும்போது திரும்ப உறிஞ்சப்படும். ட்யூபில் மயிரிழை வெடிப்பு. கூலன்டுக்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே ஒழுகல் இல்லாததால் யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வரவில்லை. ட்யூபின் நுனி கூலன்டில் மூழ்காமல் இருந்தாலும் இதே கதைதான்.

அதனால் இன்ஜின் ஆறியிருக்கும்போது பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டி ஆறவிட்ட பின் மட்டம் கோட்டுக்கு இறங்கவில்லையா? கோளாறு ட்யூபில், அல்லது கூலன்டைத் திரும்ப உள்ளே விடும் மூடி வால்வில். ஓடும்போதே பாட்டிலில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட்டில் விரிசலா என்று பார்க்க வேண்டிவரும், அது வேறு செலவு.

அப்புறம், முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் வெப்பம் பார்க்கும் சென்சார் காற்றுக்குள் நின்றால் குறைவாகக் காட்டும், ஹெட் வெந்துகொண்டிருக்கும். இது தீரும்வரை மேலே எடுக்க வேண்டாம். ஹோஸ்கள் போகும் பாதையைப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.