பாண்டு ஃபண்டு கடந்த ஆண்டு 9% கொடுத்திருக்கிறது, அம்மாவின் எஃப்.டி. பணத்தை அதில் மாற்றலாமா?

ஏஜென்ட் காட்டிய தாளில் உள்ள அந்த 9%-ஐ மட்டும் வைத்து மாற்றாதீர்கள். மேற்கு மாம்பலத்தில் என் பெற்றோரின் சேமிப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவர்களின் பணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாண்டு ஃபண்டு (கடன் ஃபண்டு என்பதும் இதுதான்) நம் பணத்தை அரசும் நிறுவனங்களும் வெளியிடும் கடன் பத்திரங்களில் போடுகிறது. அதற்கு வருமானம் இரண்டு வழியில் வருகிறது: பத்திரங்கள் தரும் வட்டி, அப்புறம் அவற்றின் விலை மாற்றம். சந்தையில் வட்டி இறங்கினால் கூடுதல் வட்டி தரும் பழைய பத்திரங்களுக்குக் கிராக்கி, விலை ஏறும். வட்டி ஏறினால் விலை இறங்கும். எவ்வளவு என்பதை ஃபண்டு நிறுவனம் வெளியிடும் விவரத்தாளான ஃபேக்ட்ஷீட்டில் 'மாடிஃபைடு டியூரேஷன்' என்று போட்டிருப்பார்கள். அது 7 என்றால், வட்டி 1% குறையும்போது விலை சுமார் 7% ஏறும். 1% கூடினால் அதே அளவு இறங்கி, அந்த வருடத்து வட்டியை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிடும்.

பழைய கணக்கைப் பார்த்தால் இது புரியும். 2008 அக்டோபரில் 9% ஆக இருந்த ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை) ரிசர்வ் வங்கி 2009 ஏப்ரலுக்குள் 4.75% ஆக்கியது. 2008 கடைசியில் நீண்டகால அரசுப் பத்திர ஃபண்டுகள் பங்குகள் மாதிரி ஏறின. அந்த வருமானத்தைப் பார்த்து 2009-இல் உள்ளே போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4%-லிருந்து 6.5% ஆனபோது இதே வகை ஃபண்டுகள் திணறின. 2025-இல் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே அது 5.5%-க்கு இறங்கியது. உங்கள் தாளில் உள்ள ஓராண்டு இப்படியொரு வட்டிக் குறைப்பு காலம் என்றால், 9%-இல் ஒரு பகுதி இனிவரும் வருடங்களில் கிடைக்காது.

அதனால் ஓராண்டு வருமானத்தை விட்டுவிட்டு, மூன்று வருட ரோலிங் ரிட்டர்ன் (வெவ்வேறு நாட்களில் தொடங்கி மூன்று மூன்று வருடமாகக் கணக்கிட்ட வருமானம்) பாருங்கள். அதைவிட முக்கியம் இன்றைய ஒய்டிஎம், அதாவது ஃபண்டில் உள்ள பத்திரங்களை இன்றைய விலையில் வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் வருட வருமானம். அதில் செலவு விகிதத்தை (ஃபண்டு நிறுவனம் வருடாவருடம் பிடிக்கும் கட்டணத்தை) கழித்தால் வருவதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

பத்திரங்களின் தரமும் பாருங்கள், அதாவது கடன் வாங்கியவர் ஒழுங்காகத் திருப்பித் தருவாரா என்பது. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. அதுவரை அவற்றின் வருமானம் அழகாகத்தான் தெரிந்தது. தரம் குறைந்த பத்திரங்கள் தந்த கூடுதல் வட்டி அது. பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பி வந்தது, சரி. ஆனால் மருந்துக்கும் வாடகைக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருப்பவர் எப்படிக் காத்திருப்பார்?

வரியில் பெரிய லாபமும் இல்லை. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபத்துக்கு, எஃப்.டி. வட்டியைப் போலவே, அவரவர் வரி விகிதம்தான்.

தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அம்மாவுக்கு அது இல்லையென்றால் முதலில் அங்கே போங்கள். மூன்று வருடம் தொடத் தேவையில்லாத தொகையை மட்டும் டியூரேஷன் குறைந்த, தரமான ஃபண்டில் வையுங்கள். ஏஜென்ட்டிடம் ஒய்டிஎம், டியூரேஷன், மிக உயர்ந்த தரமான ஏஏஏ-க்குக் கீழே எத்தனை சதவீதப் பத்திரங்கள் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் வரும்வரை அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.