ஐந்தாவது கையெழுத்துக்கு முன்

கேள்வி: நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். எனக்கு 49 வயது. அரசாங்கக் கிளினிக்கில் நிர்வாக உதவியாளராக இருக்கிறேன். கணவருக்கு 54 வயது; செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்). மகள் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) முடித்துவிட்டாள். இந்தியாவில் ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாதிக் கட்டணத்தை அவர்களே தள்ளுபடி செய்தும் விடுதி, சாப்பாடு, பயணம் சேர்த்து ஆண்டுக்கு 38,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும். நான்கு ஆண்டுப் படிப்பு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இதே துறையில் இடம் வந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் 120,000 வெள்ளி எடுத்து, வழக்கம்போல் பழைய கடனை அதில் அடைத்துவிட்டு, மீதியில் மகளை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்கிறார் கொழுந்தனார். அதில் ஒரு பகுதியை, கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் மாதம் 4 விழுக்காடு தரும் தங்க முதலீட்டில் போடலாம் என்றும் சொல்கிறார். கணவரோ அடுத்த ஆண்டு வரும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் 92,000 வெள்ளியையும் எடுத்துவிடலாம் என்கிறார். அரசியல் படித்து என்ன ஆகப்போகிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் கண் "வழக்கம்போல்" என்ற சொல்லில்தான் போய் நின்றது. மகளின் படிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டிருக்கும் நீங்கள், பழைய கடனைப் புதிய கடனால் அடைப்பதை மட்டும் ஒரே சொல்லில் கடந்து போய்விட்டீர்கள். நீங்கள் இணைத்திருந்த சம்பளச் சீட்டின் நகலில் கூட்டுறவுக் கடனுக்கான 750 வெள்ளிப் பிடித்தத்தைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் "2033?" என்று எழுதியிருக்கிறார்கள். அது உங்கள் மகளின் கையெழுத்தாக இருக்க வேண்டும். வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

நீங்கள் அனுப்பிய விவரங்களைக் கொண்டு குத்துமதிப்பாக ஒரு கணக்குப் போட்டேன். 2015-இல் கொழுந்தனாரின் வேனுக்காக 20,000 வெள்ளி எடுத்தீர்கள். 2018-இல் நாத்தனார் மகளின் திருமணத்துக்காக அதை 35,000 ஆகவும், 2021-இல் கொழுந்தனாரின் வீட்டு முன்பணத்துக்காக 48,000 ஆகவும், 2023-இல் மாமியாரின் காரியத்துக்கும் உங்கள் வீட்டுக் கூரைக்குமாக 60,000 ஆகவும் புதுப்பித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பழைய பாக்கியும் பல்வேறு கட்டணங்களும் போக, உங்கள் கைக்கு வந்தது 16,000 முதல் 19,000 வரைதான். நான்கு முறையும் சேர்த்தால் ஏறக்குறைய 70,000 வெள்ளி. இதுவரை நீங்கள் கட்டியது ஏறக்குறைய 57,000. இன்னும் அடைக்க வேண்டிய பாக்கி 51,000. கட்டியதையும் பாக்கியையும் கூட்டினால் 108,000 வருகிறது. கைக்கு வந்த 70,000-ஐக் கழித்தால் 38,000. பல்கலைக்கழகம் ஓராண்டுக்குக் கேட்கும் அதே தொகை வட்டியாகவும் கட்டணமாகவும் போய்விட்டது. அந்த 70,000-இலும் உங்கள் சொந்த வீட்டுக்குச் செலவானது கூரைக்கான 10,000 மட்டுமே.

ஐந்து விழுக்காட்டு நிலை வட்டி என்றால், பாக்கி குறைவதைப் பாராமல் முதலில் எடுத்த முழுத் தொகைக்கும் வட்டியை முன்கூட்டியே கணக்கிடுவது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பத்தாண்டுக் கணக்கு மறுபடி முதல் மாதத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். தவணையின் ஆரம்ப ஆண்டுகளில் கட்டும் பணத்தில் வட்டியே பெரும் பங்கு என்பதால், நீங்கள் பத்தாண்டுகளாக அந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். பத்தாண்டுகளுக்கு முன் 250 வெள்ளியாக இருந்த பிடித்தம் 750 ஆனதும் இப்படித்தான்.

இப்போது 120,000 எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய பாக்கிக்கு 51,000 போகும். கட்டணங்களுக்கு இன்னும் ஐயாயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் 64,000 வெள்ளி இரண்டாண்டுப் படிப்புக்கே போதாது, ஏனெனில் இரண்டாண்டுக்கு 76,000 வேண்டும். மாதப் பிடித்தமோ 1,500 ஆகிவிடும். உங்கள் 59 வயது வரை அது தொடரும். மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும்போது, ஆறாவது முறையாக எதைப் புதுப்பிப்பீர்கள்?

தங்க முதலீட்டைப் பற்றி நிறைய எழுத எனக்குப் பொறுமை இல்லை. இலட்சக்கணக்கான தொழிலாளரின் பணத்தைக் கையாளும் இ.பி.எஃப். நிறுவனம் 2023-க்கு 5.50 விழுக்காடும் 2024-க்கு 6.30 விழுக்காடும் ஈவுத்தொகை தந்தது. அவை ஓராண்டு முழுவதுக்குமான விகிதங்கள். கைத்தொலைபேசிச் செயலி ஒன்று மாதத்துக்கு 4 விழுக்காடு தருவதாகச் சொன்னால், உங்களுக்குப் பின்னால் சேருபவரின் பணத்தைத்தான் உங்களுக்குத் தரப்போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்கள் வெளியிடுகின்றன. அவற்றில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் போடாதீர்கள், கடன் வாங்கிய பணத்தை ஒருபோதும் போடாதீர்கள்.

கணவரின் 92,000 வெள்ளியையும் தொடாதீர்கள். உங்களுக்கு ஓய்வூதியம் உண்டு, அவருக்கு இல்லை. அது இந்தியப் படிப்புக்கு இரண்டரை ஆண்டுக்குக்கூட முழுதாகப் போதாது. எடுக்காமல் விட்டால், ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 60 வயதில் 117,000 வெள்ளியைத் தாண்டியிருக்கும். 55 வயதில் பணத்தை எடுக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 முதல் 60 என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். 55-க்குப் பிறகு அவர் வேலை செய்து செலுத்தும் சந்தா தனிக் கணக்கில் 60 வயது வரை பத்திரமாக இருக்கும்.

இனி மகளின் படிப்பு. அரசியல் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் உறவினர்கள் எந்த ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நடந்த கொலைகளைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்தது இந்த ஊரில்தான், நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்ததும் இந்த ஊரைத்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்கச் செய்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். 2008-இல் நாடே வியக்கும்படி நெடுநாள் அமைச்சர் ஒருவரைத் தோற்கடித்த தொகுதியும் இதுதான். இங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, அதிகாரம் எப்படிப் பிரிக்கப்படுகிறது, தொகுதி எல்லை எப்படி வரையப்படுகிறது, ஒரு சட்டம் யார் வீட்டு வாசலில் எப்படி வந்து நிற்கிறது என்று அறிய ஆசை வருவது இயல்பு. அரசியல் அறிவியல் மேடைப்பேச்சுக் கலை அன்று. அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், புள்ளியியலோடு சேர்ந்த ஆய்வு முறைகள் என்று உழைப்பைக் கேட்கும் படிப்பு அது. அவள் விருப்பத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆயினும் அதை 152,000 வெள்ளிக்குத்தான் படிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. லிபரல் ஆர்ட்ஸ் முறையின் உண்மையான பலம், தொடக்கத்தில் இலக்கியம், கணிதம், சுற்றுச்சூழல் என்று பலவற்றையும் அடிப்படைப் பாடங்களாகப் படித்துவிட்டு, அதன் பிறகே முதன்மைப் பாடத்தை அறிவிக்கலாம் என்பது. மனம் மாறக்கூடிய மாணவருக்கு அது பெரிய வரம். உங்கள் மகளோ பதினாறு வயதிலிருந்தே இதைத்தான் படிப்பேன் என்று சொல்லி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்காக மூன்று மடங்கு விலை கொடுக்கும்போது, அந்தச் சுதந்திரம் தேவைப்படும் பிள்ளையா என்று பார்க்க வேண்டும். இத்தகைய பல்கலைக்கழகங்கள் ஆசியாவில் பெரும்பாலும் புதியவை. சிங்கப்பூரில் 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த யேல்-என்.யு.எஸ். கல்லூரிக்கு 2021-இலேயே மூடல் அறிவிக்கப்பட்டது. தரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கடன் வாங்கிப் போகும் இடத்தைப் பற்றி இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறேன். மகள் பின்னாளில் அரசாங்க வேலைக்கு முயல்வதானால், அந்தப் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்படுமா என்பதை மலேசியத் தகுதி நிறுவனத்திடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பினாங்குக் கணக்கு இப்படி வருகிறது. கட்டணம், விடுதி, சாப்பாடு, வீட்டுக்கு வந்துபோகும் பேருந்துச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 1,200 வெள்ளி. மூன்றரை ஆண்டு என்றாலும் ஏறக்குறைய 50,000. நீங்கள் எழுதியிருக்கும் வரவு செலவில் இன்றே மாதம் 950 வெள்ளி மிஞ்சுகிறது. அதில் 700-ஐ மகளுக்கு ஒதுக்கி, குறையும் 500-க்கு மட்டும் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் எடுங்கள். 1 விழுக்காட்டு நிர்வாகக் கட்டணத்தில் கிடைக்கும் அந்தக் கடன் ஏறக்குறைய 21,000 வெள்ளியோடு நின்றுவிடும். இந்தியப் படிப்புக்கு அது கிடைக்காது. அதிகபட்சம் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்து, மிச்சத்தில் ஒரு கைத்தொலைபேசி வாங்கும் பழக்கத்துக்கு மட்டும் மகளை விடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது, இப்போதுள்ள 60,000 வெள்ளிக் கடனை அப்படியே விட்டு, 2033 வரை கட்டி முடிப்பது. அதைப் புதுப்பிக்கும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கொழுந்தனாருக்கு மாதந்தோறும் கொடுத்துவரும் 300 வெள்ளியையும் நிறுத்துங்கள். உங்கள் பெயரில் வாங்கிய வேனை ஓட்டித்தான் அவர் பத்தாண்டுகளாகச் சம்பாதித்து வருகிறார். அந்தப் பணம் இல்லாமல் திண்டாடும் நிலையில் அவர் இப்போது இல்லை. அவரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும். "அண்ணியின் சம்பளச் சீட்டில் இனி இடமில்லை" என்று அண்ணன் வாயால் வந்தால் ஒரு மாதம் மனத்தாங்கல் இருக்கும், பிறகு சரியாகும். அண்ணி சொன்னால் அது காலத்துக்கும் பேச்சாகிவிடும். நம் குடும்பங்களில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த 300 வெள்ளியை அமானா சஹாம் மலேசியா போன்ற நிலை விலை (அலகின் விலை ஏறி இறங்காத) அறக்கட்டளை நிதியில் மகள் பெயரில் போட்டு வந்தால், மூன்றாண்டில் முதலே 10,800 வெள்ளி சேரும். அரசியல் அறிவியலில் நல்ல வேலைக்கும் ஆய்வுக்கும் முதுகலை பெரிதும் உதவும் என்பதால், இந்தியாவையோ வேறு நாட்டையோ அவள் அப்போது பார்க்கட்டும். உதவித்தொகைகளும் அந்தக் கட்டத்தில் கூடுதலாகக் கிடைக்கும்.

மகள் இந்தியாதான் வேண்டும் என்று உறுதியாக நின்றால், பல்கலைக்கழகத்துக்கு அவளே ஒரு கடிதம் எழுதட்டும். குடும்ப வருமானம் இவ்வளவு என்று சம்பளச் சீட்டுகளை இணைத்து, உதவித்தொகையை மறுபரிசீலனை செய்ய முடியுமா, இடத்தை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா, தள்ளுபடி நான்காண்டும் நீடிக்குமா அல்லது மதிப்பெண் குறைந்தால் போய்விடுமா, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாமா என்ற நான்கையும் கேட்கட்டும். உங்கள் பங்கு ஆண்டுக்கு 10,000 வெள்ளிக்குள் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், மறுபேச்சின்றிச் சேர்ந்து யோசிக்கலாம். அதற்கு மேல் என்றால் பினாங்குதான். பதில் வரும் வரை எந்த முன்பணமும் கட்டாதீர்கள், பினாங்கு இடத்தை ஏற்கும் கடைசி நாளையும் தவற விடாதீர்கள்.

கடன் பாரம் அதற்குள் தாங்க முடியாததாகத் தோன்றினால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. கடன் ஆலோசனை அமைப்பை அணுகுங்கள், ஆலோசனை இலவசம். அங்கே போகும்போது நான்கு ஒப்பந்தங்களையும் எடுத்துச் செல்லுங்கள். மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சீட்டில் வட்டம் போட்டவளுக்கு முழுக் கணக்கும் தெரிய வேண்டும்.