911 கேட்கும் முதல் கேள்வி

கேள்வி: மகள் குடும்பத்தோடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாள். அவசரத்துக்கு 911 அடித்தால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்களாமே, முதலில் ஆம்புலன்ஸை அனுப்ப மாட்டார்களா?
– கரூர் வாசகி

பதில்: கேள்விகளால் வண்டி தாமதமாவதில்லை. நம் 108 மாதிரி மாநிலத்துக்கே ஒரு அழைப்பு மையம் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. அயோவாவில் 99 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகள். பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மையம் உண்டு, அதுவும் பல இடங்களில் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகத்துக்குள்ளேயே. சிறிய கவுண்டியில் இரவில் ஒருவரோ இருவரோதான் பணியில் இருப்பார்கள். இருவர் இருந்தால், ஒருவர் பேசியபடி தட்டச்சு செய்வது மற்றவர் திரையில் அப்போதே தெரியும். இடமும் பிரச்சினையும் தெரிந்தவுடன் அவர் ரேடியோவில் ஆட்களைக் கிளப்பிவிடுவார். மீதிக் கேள்விகள் வழியில் வருபவர்களுக்காகவும், உங்கள் மகள் செய்யவேண்டிய முதலுதவிக்காகவும். மூச்சு நின்றுபோனவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தச் சொல்லி, கூடவே எண்ணிக்கொண்டும் இருப்பார்கள். ஒருவர் மட்டுமே இருந்தால், நடுவில் ரேடியோவுக்குத் திரும்புவார். போனில் சத்தமே கேட்காது. அப்போது வைத்துவிடக் கூடாது.

முதல் கேள்வி எப்போதும் "எங்கே?" என்பதுதான். செல்போனே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அழைப்பு எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்பது டவரை வைத்து முடிவாகும்போது, எல்லையோர வீட்டின் அழைப்பு பக்கத்துக் கவுண்டிக்குப் போய்விடலாம். திரையில் முதலில் டவர் இருக்குமிடம் மட்டும் வந்து, துல்லியமான புள்ளி பிறகு வருவதும் உண்டு. முகவரியிலும் சிக்கல் இருக்கிறது. அயோவாவின் பல கவுண்டிகளில் சாலைகளுக்கு எண்கள்தான் பெயர்: ஸ்ட்ரீட் ஒரு திசையில், அவென்யூ அதற்குக் குறுக்கே. பதற்றத்தில் 310-ஆவது ஸ்ட்ரீட்டை 310-ஆவது அவென்யூ என்று சொன்னால் வண்டி பல மைல் தள்ளிப் போய் நிற்கும். வீட்டு எண், சாலையின் முழுப் பெயர், அருகிலுள்ள குறுக்குச் சாலை மூன்றையும் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். சாலையோர எண் பலகையைப் பனி மூடினால் துடைத்துவிட வேண்டும். வீட்டில் இன்டர்நெட் போன் இருந்தால், பழைய வீட்டு முகவரியையே அது காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவை மகள் மாற்றியாக வேண்டும்.

உண்மையான தாமதம் அடுத்த கட்டத்தில். கிராமத்துத் தீயணைப்புக் குழு பெரும்பாலும் தன்னார்வலர்கள். பல ஊர்களில் ஆம்புலன்ஸும் அவர்கள் கையில்தான். மையம் ரேடியோவில் இரண்டு ஒலிகளை அடுத்தடுத்து அனுப்பும். ஒவ்வொரு குழுவுக்கும் தனி ஜோடி. தன் ஜோடியைக் கேட்டால்தான் அந்தக் குழுவினர் வைத்திருக்கும் பேஜர் என்ற சிறு ரேடியோ கருவி திறந்து செய்தியை ஒலிக்கும். வயலிலோ வேலையிலோ இருப்பவர்கள் நிலையத்துக்கு ஓடி வண்டியை எடுக்க வேண்டும். பகலில் பலர் வெளியூரில் வேலையில் இருப்பதால் ஆள் குறையும். பதில் வராவிட்டால் சில நிமிடங்களில் மறுபடி அழைப்பார்கள், பிறகு பக்கத்து ஊர்க் குழுவை அழைப்பார்கள். இந்த நிமிடங்களில் நோயாளிக்கு உதவக்கூடியவர் போனைப் பிடித்திருப்பவர் மட்டுமே. அதனால்தான் சொல்வதை அப்படியே செய்யுங்கள் என்கிறோம்.

கேள்வி: நான் இங்கிருந்தே 911 அழைத்து மகள் வீட்டுக்கு உதவி அனுப்ப முடியுமா? அங்கே போயிருக்கும்போது ஆங்கிலம் வராவிட்டால்?
– அதே வாசகி

பதில்: முடியாது. அமெரிக்காவுக்குள்ளேயே வேறு ஊரிலிருந்து 911 அடித்தால் அந்த ஊர் மையம்தான் எடுக்கும். மகளின் கவுண்டி மையத்துக்குப் பத்து இலக்கச் சாதாரண எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, முன்னால் +1 சேர்த்து உங்கள் போனில் பதிந்துவையுங்கள். அவள் முழு முகவரியையும் கூடவே. அங்கே இருக்கும்போது 911 அடித்து முதலில் முகவரியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, "டமில்" என்று மட்டும் சொல்லுங்கள். தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை உள்ள மையம் மூன்றாவது ஆளாக ஒருவரை இணைக்கும்.

பேரக்குழந்தைக்கு விளையாட சிம் இல்லாத பழைய செல்போனைக் கொடுக்காதீர்கள். அதிலிருந்தும் 911 போகும், ஆனால் மையத்தால் திருப்பி அழைக்க முடியாது. தவறிப் பட்டுவிட்டால் துண்டிக்காமல், தவறுதலாக அழைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டே வைக்க வேண்டும்.