பலிக்காதவர்கள் எங்கே?

கேள்வி: எங்கள் ஊர்ப் பரியாரி, நாட்டு வைத்தியர், பாம்புக்கடிக்கு மந்திரம் ஓதிப் பார்வை பார்ப்பவர். அவரிடம் போனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்திருக்கிறார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் இன்றுவரை ஓர் உயிர் போனதில்லை. கண்ணெதிரே பலித்த மந்திரத்தை ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். கோணேசர் குடிகொண்ட திருகோணமலை மண்ணில் இருந்துகொண்டு இப்படி எழுத எப்படி மனம் வருகிறது?
— ஒரு வாசகர், தம்பலகாமம்

பதில்: உங்கள் கேள்வியில் ‘பலித்த’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கனவு பலித்தது, வாக்குப் பலித்தது, பல்லி சொன்னது பலித்தது. என் அம்மம்மா பல்லி சொன்னால் விரலால் தரையில் மூன்று தரம் தட்டுவார். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் அது இரவெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். வருடத்தில் ஒரு நாள், பல்லி சொன்ன மறுநாள், கொழும்பிலிருந்து மாமாவின் தந்தி வந்தது. அந்தக் கதையை அம்மம்மா சாகும்வரை சொன்னார். மீதி இரவுகளுக்குக் கதையே இல்லை. பலிக்காமல் போனதை யாரும் இன்ன நாள், இன்ன நேரம் என்று நினைவில் வைத்திருப்பதில்லை. நான் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மீதியைத்தான்.

சரி, பாம்புக்கு வருவோம். 2012–13இல் இலங்கை முழுவதும் வீடு வீடாகப் போய்க் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 80,000 பாம்புக்கடி. அதில் உடம்பில் விஷத்தின் வேலை தெரிந்தது சுமார் 30,000 பேருக்கு. இறந்தவர்கள் 460 பேர் அளவில். இந்த மூன்று எண்களையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கடிபட்ட பத்துப் பேரில் ஆறு பேருக்கு விஷமே ஏறவில்லை. கடித்தது சாரையாக இருக்கலாம், தண்ணீர்ப் பாம்பாக இருக்கலாம், நாகமே கடித்தும் விஷத்தை இறக்காமல் விட்டிருக்கலாம். அந்த ஆறு பேரும் பரியாரியிடம் போனாலும் பிழைப்பார்கள், வீட்டில் பாயைப் போட்டுப் படுத்திருந்தாலும் பிழைப்பார்கள். விஷம் ஏறியவர்களிலும் பெரும்பாலானோர் சாவதில்லை. உங்கள் பரியாரி வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் பத்துக்கு ஒன்பது வரும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரும் உங்களைப் போலவே பிழைத்தவர்களைப் பார்த்து நம்பியிருக்கிறார்.

இனித் திண்ணை. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன், பெரும்போக அறுவடை நேரத்தில் வரம்பில் நடந்து வரும்போது கணுக்காலில் புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பரியாரியிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் முழங்காலுக்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஐந்தாறு மிளகைக் கொடுத்து மெல்லச் சொன்னார். “காரம் தெரியுதா?” என்று கேட்டார். அண்ணன் “தெரியுது” என்றார். “அப்ப விஷம் ஏறேல்ல, பயப்படாதேங்கோ” என்று சொல்லித் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். எங்களுக்கு உயிர் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தோம். இரவு பத்தரை மணி இருக்கும், அண்ணன் எச்சில் துப்பினார். டோர்ச் வெளிச்சத்தில் அது சிவப்பாக இருந்தது. பல் முரசெல்லாம் இரத்தம்.

புடையன் விஷம் இரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாக்கின் ருசியை அது தொடுவதில்லை. அந்த விஷம் எவ்வளவு ஏறியிருந்தாலும் மிளகு காரமாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் செய்த முதல் வேலை, கொஞ்சம் இரத்தம் எடுத்து வெறும் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் அசையாமல் நிறுத்தியது. அப்புறம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இருபது நிமிடம். எனக்கு ஆத்திரம். ஊசியைப் போடாமல் இந்த மனிதர் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார்? நேரம் முடிந்ததும் குழாயை மெல்லச் சரித்தார். நல்ல இரத்தம் அதற்குள் கட்டியாகிக் குழாயோடு ஒட்டி நிற்கவேண்டும். அண்ணனுடையது தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்தை அப்போதுதான் ஏற்றினார்கள். ஆனால் கடித்து ஐந்து மணி நேரமாகியிருந்தது. நான்காம் நாள் அண்ணன் போனார்.

பரியாரியின் திண்ணையில் அண்ணனும் சாகவில்லை. அவர் செத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். ஊர்க் கணக்கில் அது ஆஸ்பத்திரியின் சாவு. உங்கள் பரியாரியிடம் போன அந்தப் பத்தாவது ஆள் எங்கே செத்தார் என்று விசாரித்துப் பாருங்கள்.

அந்த இருபது நிமிடத்தை நான் பல வருடம் நினைத்திருக்கிறேன். விஷமுறிவு மருந்தே சிலருக்கு உயிர் போகிற அளவுக்கு ஒவ்வாமையைக் கொடுக்கும். அதனால்தான் தேவையா இல்லையா என்று இரத்தத்தையே கேட்கிறார்கள். குழாய் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு இன்னும் பார்த்திருப்பார். மிளகும் ஒரு சோதனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சரியாகச் சொல்கிறதா என்று யாரும் மிளகைச் சோதித்துப் பார்க்கவில்லை.

டொக்டர்மாரின் பழக்கங்களும் இப்படிச் சோதனைக்குள் வந்தன. அந்த ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே ஹைட்ரோகோர்ட்டிசோன், ப்ரோமெதசின் என்ற இரண்டு மருந்துகளைக் கொடுக்கிற வழக்கம் நெடுநாளாக இருந்தது. இலங்கையில் மூன்று ஆஸ்பத்திரிகளில் 1,007 நோயாளர்களை வைத்து ஒழுங்காகச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இரண்டும் உதவவில்லை, சிறிய அளவு அட்ரினலின்தான் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது. தாங்கள் நம்பியதைத் தாங்களே சோதித்து, ‘இது பலிக்கவில்லை’ என்று பெயர் போட்டு அச்சிட்டார்கள். விஞ்ஞானத்தின் திமிர் என்று சொல்பவர்கள் எனக்குக் காட்டட்டும், எந்த மந்திரக்காரர் இதைச் செய்திருக்கிறார்?

பகுத்தறிவுவாதி ஆபிரகாம் கோவூரின் பெயரை எடுத்தாலே எனக்கு வசவுக் கடிதங்கள் வரும், வரட்டும். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த மனிதர். அற்புத சக்தியை ஏமாற்றில்லாமல் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. அவர் பட்டியலில் ஒன்று: தணலில் அரை நிமிடம் அசையாமல் நின்று கால் கொப்புளிக்காமல் வரவேண்டும். நடப்பது என்று போடவில்லை, நிற்பது என்று போட்டார். தீமிதிப்பில் பாதம் தணலைத் தொடுவது நொடிக்கும் குறைவு, சாம்பல் படிந்த கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அந்த ஒரு சொல்லில் அவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்.

கோணேசர் மண் என்றீர்கள். என் அப்பா இறந்தபின் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைத் திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில்தான் செய்தேன். இராவணன் தாயின் கிரியைக்காக ஏழு இடத்தில் குத்தி வரவழைத்த தண்ணீர் என்று அய்யர் சொன்னார், கேட்டுக்கொண்டு ஏழு கிணற்றிலும் முறையாக அள்ளித் தலையில் வார்த்தேன். மழைநீர் நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகிப் பாறை வெடிப்பு வழியே மேலே வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அழுகை வந்தது, அவ்வளவுதான். அந்தக் கதையை நம்பி யாரும் ஐந்து மணி நேரத்தைத் தொலைக்கவில்லை. (அங்கே போகிறவர்கள் அதை ‘வெண்ணீர்’ என்று எழுதி எனக்குக் கட்டுரை அனுப்பாதீர்கள். வெம்மையான நீர் வெந்நீர். வெண்ணீர் என்றால் வெள்ளை நீர். இருபது வருடமாகத் திருத்துகிறேன்.)

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கிப் பரியாரியிடம் கொடுங்கள். கடிபட்டு வருகிற ஒவ்வொருவரையும், வந்த அன்றே, வைத்தியம் தொடங்குமுன் எழுதட்டும்: எந்தப் பாம்பு, கடித்த நேரம், வந்த நேரம். எழுதி முடித்ததும் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்கவிடாமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். விரும்பினால் அவரும் கூடப் போய் வழியெல்லாம் ஓதட்டும், நான் தடுக்கமாட்டேன். ஒரு கிழமை கழித்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், ஆள் எப்படி இருக்கிறார், ஆஸ்பத்திரிக் குழாயில் இரத்தம் உறைந்ததா ஓடியதா என்று நீங்கள் கேட்டு எழுதுங்கள். ஒருவரையும் விடாதீர்கள். கொப்பி நிறைந்ததும் கொண்டு வாருங்கள். ஆட்களின் பெயரை மட்டும் மறைத்து, ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.