கிட்டார் ஆம்ப் கேபினெட்டுக்கு என்ன மரம், எங்க வாங்கறது: சேலம் பக்கத்து கேள்வி பதில்

வீட்லயே ஆம்ப் பெட்டி (கிட்டார் சத்தத்தை ஏத்திக் குடுக்கற ஆம்ப், ஸ்பீக்கர் வெக்கற பெட்டி) அடிக்கறவங்க மரம் பத்தி கேட்ட கேள்விக்கெல்லாம் சேர்த்து பதில் போடறேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், மரம் என்ன ஜாதிங்கறத விட அது நல்லா காஞ்சிருக்கா, ஜாயின்ட் இறுகி நிக்குதா, இதுதாங்க பெருசு.

ஏற்காட்டுல இருந்து: அண்ணா, எங்க காபி தோட்டத்துல நிழலுக்கு நின்ன சில்வர் ஓக் வெட்டி கட்டையா கிடக்கு. அதுல 12 இஞ்சு ஸ்பீக்கர் ஒண்ணு போடற மாதிரி பெட்டி அடிக்கலாமா?

தாராளமா அடிக்கலாம் தம்பி. பைனை விட கொஞ்சம் கனம், தேக்கை விட லேசு, இழைச்சு பாலிஷ் போட்டா புள்ளி புள்ளியா ஒரு ரேகை வரும் பாரு, அதுக்கு மேல ரெக்ஸின் ஒட்ட மனசே வராது. ஆனா பச்சைக் கட்டைய அறுத்து உடனே பெட்டி அடிச்சா பலகை முறுக்கிக்கும், ஜாயின்ட் வாய் திறக்கும். மில்லுல 1 இஞ்சு பலகையா அறுத்துட்டு, ரெண்டு முனையிலயும் பெயின்டோ மெழுகோ தடவிடு, முனை வழியா ஈரம் வேகமா போனா அங்கதான் வெடிக்கும். அப்புறம் ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல ஒரே கனத்துல ரீப்பர் குச்சி வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, மேல கல்லை ஏத்தி, வெயில் படாம காத்து மட்டும் போற இடத்துல விடு. 1 இஞ்சு கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம்னு சொல்வாங்க. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், மழைக்காலத்துல மூடுபனி உள்ளயே வந்து நிக்கும், அங்க காஞ்ச பலகை கூட சேலத்துக்கு இறக்குனா ஏப்ரல் மே வெயில்ல இன்னும் கொஞ்சம் சுருங்கும். அதனால பெட்டி எங்க இருக்கப்போகுதோ அந்த ஊர்ல, அந்த ரூம்லயே கடைசி ஒண்ணு ரெண்டு மாசம் போட்டு வை. காஞ்சதா தெரியணும்னா ஒரு பலகைய மட்டும் வாராவாரம் தராசுல வெச்சு எழுதி வா, எடை குறையறது நின்னா அதுக்கப்புறம் கை வைக்கலாம்.

இன்னும் ரெண்டு விஷயம். சில்வர் ஓக் தூள் சில பேருக்கு தோல்ல அரிப்பு தடிப்பு குடுக்கும், முழுக்கை சட்டை, மாஸ்க் இல்லாம இழைக்காத. அப்புறம் மலையில மரம் வெட்டறதுக்கு 1955லயே சட்டம் இருக்கு, உங்க தோட்டமாவே இருந்தாலும் அனுமதி பேப்பர் சரியா இருக்கான்னு வீட்டு பெரியவங்க கிட்ட கேட்டுட்டு அப்புறமா கட்டைய கீழ இறக்கு.

ஓமலூர்ல இருந்து: ஆம்ப் கம்பெனியில ஃபெண்டர் பெட்டி பைன்ல, மார்ஷல் பெட்டி ப்ளைவுட்லனு சொல்றாங்களே, எது நல்லதுங்ணா?

ரெண்டும் நல்லதுதான், வேலை வேற. 1950கள்ல வந்த ஃபெண்டர் ட்வீட் (மேல துணி ஒட்டின) ஆம்ப்ல முழு பைன் பலகை, மூலையில விரல் கோத்த மாதிரி ஃபிங்கர் ஜாயின்ட், முன்பக்கம் மெல்லிசான ப்ளை, பின்னாடி பாதி திறந்து இருக்கும். பெட்டியும் சேர்ந்து அதிரும், அந்த அதிர்வும் சத்தத்துல ஒரு பங்கு. மார்ஷல் நாலு ஸ்பீக்கர் பெட்டி பிர்ச் மரத்து ப்ளை, பின்பக்கம் மூடி, விறைப்பா நிக்கும், அதனால அடி சத்தம் இறுக்கமா வரும். நீங்க கிளீனா (சத்தம் கரகரக்காம), ப்ளூஸ் வாசிக்கறவர்னா பலகை, டிஸ்டார்ஷன் (கரகர சத்தம்) ஏத்தி வாசிக்கறவர்னா ப்ளைனு வெச்சுக்கங்க.

ஐந்து ரோடு பக்கம் இருந்து: ப்ளைவுட் கடையில எம்.ஆர், மரைன்னு ரெண்டு காட்டுறாங்க சார், விலை ரொம்ப வித்தியாசம். எதை வாங்க?

எம்.ஆர்ங்கறது ஈரம் ஓரளவு தாங்கற ப்ளை, இந்திய தர நம்பர் ஐ.எஸ். 303, மரைனுக்கு ஐ.எஸ். 710. பசை தண்ணி தாங்குமாங்கறதுதான் அந்த நம்பர்ல முக்கியமா இருக்கற வித்தியாசம், உங்க பெட்டி மழையில நனையப் போறது இல்ல. ஆனா மரைன்ல உள் அடுக்கு பொதுவா நெருக்கமா இருக்கும், நமக்கு வேணும்கறது அதுதான். விலை தாங்கலேன்னா நல்ல எம்.ஆர்ரே போதும், ஷீட்டோட நாலு ஓரத்தையும் கண்ணால பாருங்க, அடுக்குக்கு நடுவுல ஓட்டை தெரிஞ்சா வேண்டாம்னுடுங்க. பிறகு நாணயத்தால தட்டிக்கிட்டே போங்க, எங்கயாவது சத்தம் டொப்புனு மாறுனா உள்ள காலி. அந்த காலி இடம் பின்னாடி ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் கிர்ருனு இரையும், எத்தனை ஸ்க்ரூ முடுக்குனாலும் போகாது. பிளாக் போர்டு மட்டும் வாங்கவே வாங்காதீங்க, உள்ள கட்டைக்கு நடுவுல இடைவெளி இருக்கும். 18 மில்லிமீட்டர் கனத்துல 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒண்ணு ஏறக்குறைய 35 கிலோ, அதனால அளவு எழுதிட்டுப் போய் கடையிலயே அறுத்து வாங்கிடுங்க, பைக்லயே கொண்டு வந்துடலாம்.

ஆத்தூர்ல இருந்து: மிருதங்கத்துக்கு பலா மரம்தானே, அப்ப ஆம்ப் பெட்டிக்கும் பலா போட்டா நாதம் நல்லா வருமா?

மிருதங்கம் ஒரே கட்டைய குடைஞ்சு எடுக்கறது, தோல் அதிர்றதுக்கு அந்த கூடு பதில் சொல்லணும். இங்க சத்தம் போடறது ஸ்பீக்கர் கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு), பெட்டி அதைத் தாங்கிப் பிடிக்கணும். பலா காஞ்சு கிடைச்சா தாராளமா போடுங்க, உறுதியான அழகான மரம், ஆனா நாதத்துக்குனு அதிக காசு குடுக்க வேண்டாம்.

மேட்டூர்ல இருந்து: கம்பெனியில மெஷின் வந்த பைன் பெட்டி, பேலட்டெல்லாம் சும்மா தர்றாங்க. எடுக்கலாமா?

எடுங்க, நம்ம ஊர்ல பைன் கிடைக்க இதை விட லேசான வழி இல்ல. கட்டையில முத்திரை பாருங்க. எச்.டின்னு (HT) இருந்தா சூடு ஏத்தி பூச்சி கொன்னது, அதை எடுக்கலாம். எம்.பின்னு (MB) இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடாதீங்க. ஆணி ஒண்ணு விடாம பிடுங்கிட்டு, காந்தம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இழைப்புக்கு குடுக்கணும், இல்லேன்னா மில்காரர் பிளேடு போயிடும், அடுத்த தடவை உங்களை உள்ள விட மாட்டார். பலகை அகலம் பத்தாது, ரெண்டு மூணு ஒட்டித்தான் அகலம் ஆக்கணும்.

சூரமங்கலத்துல இருந்து: எம்.டி.எஃப்ல (மரநாரை பசை போட்டு அழுத்தின பலகை) அடிச்சா என்ன?

கனம், மூலையில ஸ்க்ரூ பிடிப்பு கிடையாது, ஈரம் பட்டா உப்பும். தூக்கிட்டு கச்சேரிக்கு போற பெட்டிக்கு வேண்டாம்.

அம்மாபேட்டையில இருந்து: தாத்தா வீடு இடிச்சப்ப வந்த தேக்கு சட்டம், கதவு பலகை இருக்குங்க. வீணாக்காம இதுல செய்யலாம்களா?

உங்க கையில இருக்கறதுதான் இந்த லிஸ்ட்லயே காஞ்ச மரம், அத்தனை வருஷம் வெயில் மழை பார்த்துட்டு இனிமே பெருசா அசையாது. தேக்குல எண்ணெய் இருக்கறதால பெவிகால் சரியா பிடிக்காது, ஒட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்தை புதுசா இழைச்சு தின்னர்ல துடைச்சுட்டு உடனே ஒட்டிடுங்க. ஸ்பீக்கர் மாட்டற முன்பக்க பலகைக்கு மட்டும் தேக்கு வேண்டாம், எந்த முழு மரமும் வேண்டாம். 12 இஞ்சு ஸ்பீக்கருக்கு நடுவுல போடற ஓட்டையோட குறுக்களவே 280 மில்லிமீட்டர் கிட்ட வரும், அவ்ளோ பெரிய ஓட்டை போட்டா மிச்சம் நிக்கற ஒல்லி பகுதி ரேகை வழியா பிளந்துடும். அங்க 12 மில்லியோ 18 மில்லியோ ப்ளை. ஓட்டை அளவை உங்க ஸ்பீக்கர் டேட்டா ஷீட்ல பார்த்து வெட்டுங்க.

திரும்ப ஓமலூர்: மில்லுல எவ்ளோ மரம் கேக்கறதுங்ணா?

20 இஞ்சு அகலம், 18 இஞ்சு உயரம், பத்தரை இஞ்சு ஆழம்னு வெச்சா நாலு பக்கத்துக்கும் சுத்தமா அரை கன அடிக்கு கொஞ்சம் கம்மி. சேதாரம் சேர்த்து முக்கால் கன அடி கேளுங்க. 1 இஞ்சுக்கு அறுக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் இழைச்ச பிறகு முக்கால் இஞ்சு நிக்கும். மிச்சம் விழற துண்டுல முன்பக்க பலகைய பிடிக்கற உள் கட்டைய அடிச்சுக்கலாம்.